பம்பரைப் பார்த்தே பிழைத்தவன்

உட்சுமி கசுனாரி என்று சொன்னால் எங்கள் நிஹொன்மட்சு ஊரில் இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கில் நிற்கிற நாலு பேர் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். ஆட்டட்டும், அவர்களுக்கென்ன. அவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தவில்லை. நடத்தியவள் தொகிகோ. ஊர்க்கோடியில் இருக்கிற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. காலையிலிருந்து சாயங்காலம் வரை, கிளட்சை மிதிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதிக்கிறவள். வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு ரேஸ் வீரர் சோபாவில் படுத்துக்கொண்டு தன்னுடைய பழைய போட்டிகளைத் தானே டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காய்கறி வாங்கப் போகும்போதும் பந்தய அணியின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவான். ஜூலை மாதப் புழுக்கத்திலும் அதே சட்டை. முள்ளங்கி குவிந்திருக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, யாராவது அடையாளம் கண்டுபிடிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். யாரும் பார்க்கவில்லை என்றால் முள்ளங்கியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பான். தொகிகோ தள்ளுவண்டியோடு கல்லா வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "போதும், முள்ளங்கிக்கு உன்னை நல்லாத் தெரிஞ்சிருச்சு, வா" என்று இழுத்துக்கொண்டு போவாள்.

இவ்வளவு பீற்றிக்கொள்கிற மனுஷனுக்கு என்னதான் தெரியும் என்று கேட்டால், ஒரே ஒரு வித்தை தெரியும். முன்னால் ஒரு வண்டி போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போவான். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் சாம்பியனாகி, பத்திரிகையில் படம் வந்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டான் என்றால் நம்ப முடிகிறதா? நடந்தது.

இருபது வயதில் அவன் கையில் ஓர் ஓட்டை சில்வியா கார் இருந்தது. பால் லாரி கிளம்புவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில், ஊர்ப் பையன்கள் மலைப்பாதையில் ஏறி வண்டிகளைச் சறுக்க விட்டு விளையாடுவார்கள். உட்சுமியும் போவான். தனியாக விட்டால் முதல் வளைவிலேயே தடுப்புக் கம்பியில் போய் முத்தம் கொடுத்துவிட்டு நிற்பான். ஆனால் மரக்கடையில் வேலை பார்த்த ஓனுகியின் வண்டிக்குப் பின்னால் விட்டால் போதும், ஓனுகி எந்தக் கோணத்தில் சறுக்குகிறானோ அதே கோணத்தில், கதவுக்குக் கதவு உரசுகிற மாதிரி இறங்கி வருவான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஓனுகிக்கே புரியவில்லை.

"டேய் கசு, தனியாப் போனா பாலத்துக்கு முன்னாடியே முட்டிக்கிற. எம்பின்னாடி வந்தா மட்டும் எப்படிடா இப்படி ஒட்டிக்கிட்டு வர்ற?"

"நீ திரும்புனா நான் திரும்புறேன். வேறென்ன?"

"ரோட்டப் பாக்க மாட்டியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் நீ பாக்குறியே."

பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கே அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று. தங்கமீன் பீ. தங்கமீன் எந்தப் பக்கம் நீந்தினாலும் அதன் பின்னாலேயே நூல் மாதிரித் தொங்கிக்கொண்டு வருமே, அதுதான். எங்கள் பக்கத்தில் யாரையாவது ஒட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு அந்தப் பெயர்தான். வேறொருவனாக இருந்தால் அவமானத்தில் மலைப்பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். உட்சுமி சிரித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள் அல்லவா, அதனால் அவனும் சிரித்தான்.

அந்தத் தங்கமீன் பீயைத் தொழில்முறை ஆட்டக்காரனாக்கிய புண்ணியம், வண்டியைச் சறுக்க விடுகிற டிரிஃப்ட் போட்டிக்காரர்களைச் சேரும். அந்தப் போட்டியில் யார் முதலில் கோட்டைத் தாண்டினார்கள் என்ற கேள்வியே கிடையாது. இரண்டு வண்டிகளை விடுவார்கள். ஒன்று முன்னால் சறுக்கிக்கொண்டு போகும், மற்றது துரத்தும். அப்புறம் இடம் மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். துரத்துகிறவன் எவ்வளவு நெருங்கி ஒட்டுகிறானோ அவ்வளவு மதிப்பெண். அநியாயத்தைப் பாருங்கள், தங்கமீன் பீக்குப் பரிசு கொடுக்கிற விளையாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, அதில்தான் இந்த ஆள் போய் விழுந்தான். முன்னால் ஓட வேண்டிய முறை வரும்போது, தனக்கு முந்தின ஜோடி தார் ரோட்டில் விட்டுப்போன டயர்த் தடத்தைப் பார்த்து எப்படியோ சமாளித்து விடுவான். துரத்துகிற முறை வந்தாலோ எதிராளியின் கதி அதோகதி. அப்படியே ஏறி ஏறி ஒரு வருஷம் சாம்பியனும் ஆகிவிட்டான். பத்திரிகைக்காரன் ஒருவன் அவனை "நிழல்" என்று எழுதித் தொலைத்தான். அதோடு அவனுக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. கூலிங்கிளாஸ் என்ன, முடிக்குச் செம்பட்டைச் சாயம் என்ன, கேட்காதவர்களுக்கெல்லாம் கையெழுத்து என்ன!

தொகிகோ அவனைப் பார்த்தது அந்த வருஷம்தான். பயிற்சிப் பள்ளியில் கூட வேலை பார்க்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனதால், ஊர்ப் பந்தயத் திடலான சுகிதாதே சர்க்யூட்டில் பார்வையாளர் மண்மேட்டில் உட்கார்ந்து குடல் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து இரண்டு வண்டிகள் பக்கவாட்டில் பாய்ந்து வந்தன. பின்னால் வந்தது சிமென்ட் சுவரை ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போனது. ஓட்டினவன் சுவர்ப்பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அம்மாடி, இந்த ஆளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது போல!" என்றாள் தொகிகோ. கிண்ணத்தில் குழம்பு ஆறிப்போனது. பாவம், அந்த ஆளுக்குப் பயம் இல்லாததற்குக் காரணம் அவன் சுவரையே பார்க்கவில்லை என்பது கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சின்னச் சின்ன விஷயங்களில் தெரிந்தது. ராமென் நூடுல்ஸ் கடையில் சீட்டு எடுக்கிற இயந்திரத்தின் முன்னால் நின்றால், தனக்கு முன்னால் நின்றவன் எந்தப் பொத்தானை அழுத்தினானோ அதையே அழுத்துவான். பிடிக்காத பூண்டு ராமென் வந்து சேரும். முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவான். சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால், "எனக்கும் அதே." விளம்பரதாரர்கள் முன்னால் வணங்க வேண்டுமென்றால், பக்கத்தில் இருப்பவன் குனிகிற வரைக்கும் காத்திருந்து, அவன் குனிந்த அளவுக்கே குனிந்து, அவன் நிமிர்ந்ததும் நிமிர்வான். முதலில் தொகிகோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு கொஞ்ச நாளில் தீர்ந்துபோனது.

அவனுடைய அப்பா செத்துப்போனார். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டியே முதுகு வளைந்த நல்ல மனுஷர். உட்சுமி ஒரே மகன். சடங்கில் முதல் தூபம் போட வேண்டியவன் மகன்தான். எழுந்து போய், தூளை ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றிவரை உயர்த்தி, கங்கில் போட்டுவிட்டுக் கும்பிட வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த காரியம். குரு மந்திரம் ஓதிக்கொண்டே இவன் பக்கம் கண்ணைக் காட்டினார். இவன் எழுந்து நின்றான். நின்றவன் நின்றபடியே இருந்தான்.

"போ" என்றாள் தொகிகோ பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ மொதல்ல போயேன். நான் பாத்துக்கிட்டு வர்றேன்."

"செத்தது உங்கப்பா! நீதான் மொதல்ல போகணும்!"

"எத்தனை தடவை போடணும்? ஒண்ணா, மூணா?"

"எத்தனை வேணா போடு, போய்த் தொலை!"

போகவில்லை. குரு ஓதி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கூடத்தில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சித்தப்பா எழுந்து முன்னால் நடந்தார். உடனே இவனும் அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தான். சித்தப்பாவுக்கு வலது தோளில் வாதம், இடது கையால் தூபம் போட்டார். இவனும் இடது கையால் போட்டான். தொகிகோவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. புருஷன்மேல் கோபம் வருவது சகஜம், எல்லா வீட்டிலும் உண்டு. அன்றைக்கு அவளுக்கு வந்தது கோபமில்லை, இளக்காரம். அது ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது.

டிரிஃப்டில் அவனுடைய காலம் முடிந்தது. அவனைவிட வேகமாக ஓட்டுகிற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களைத் துரத்தி ஒட்ட முடியவில்லை, ஒட்டவில்லை என்றால் இவனிடம் வேறு சரக்கு இல்லை. அப்போதுதான் ததெனுமா வந்தார். பழைய கார்களை ஏலத்தில் எடுத்து விற்கிறவர், தொண்டை பெரிது, பொறுமை சின்னது. ஒரே மாதிரியான கார்களை வைத்து நடத்துகிற சர்க்யூட் பந்தயத்தில் அவருக்கு ஓர் அணி இருந்தது. பழைய சாம்பியன் என்ற பெயருக்காக இவனை எடுத்துக்கொண்டார்.

சர்க்யூட் பந்தயத்தில் ஒட்டிக்கொண்டு போனதற்கு எவனும் மதிப்பெண் கொடுக்க மாட்டான். முதலில் கோட்டைத் தாண்டினால் முதலிடம், அவ்வளவுதான். நம்ம ஆள் என்ன செய்தான்? அதே பழைய வேலை. யார் முதலில் போகிறானோ அவன் பம்பரில் மூக்கை வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் வந்தான். இரண்டாமிடம். அடுத்த பந்தயம், இரண்டாமிடம். வருஷக்கணக்காக இரண்டாமிடம். உள்ளூர்ப் பத்திரிகை ஜெயித்தவனுடைய படத்தைப் போடும்போது ஓரத்தில் உட்சுமியின் தோள்பட்டை தெரியும். அதையும் வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பான்.

"காத்தைக் கிழிக்கிற கஷ்டமெல்லாம் முன்னாடி போறவனுக்கு. நான் அவன் முதுகுல சொகுசா வர்றேன். இதுக்குப் பேருதான் மூளை" என்பான் தொகிகோவிடம்.

"சரி, மூளைக்காரரே, எப்ப முந்துவீங்க?"

"சமயம் வரணும்."

"சமயம் என்ன பஸ்ஸா, நின்னுக்கிட்டே இருந்தா வர்றதுக்கு?"

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். உண்மை என்னவென்றால், முந்திவிட்டால் முன்னால் வெறும் ரோடு மட்டும்தான் இருக்கும். அந்த வெறும் ரோட்டில் அவன் யாரைப் பார்த்துத் திரும்புவான்?

அந்த இலையுதிர்காலத்தில் ததெனுமாவின் பொறுமை தீர்ந்தது. பட்டறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குச்சியால் வறுத்த மீனைக் குத்திக்கொண்டே சொன்னார்.

"உட்சுமி, கடைசிப் பந்தயம் சுகிதாதேல. நம்ம ஊரு. ஜெயிச்சா அடுத்த வருஷமும் வண்டி ஓட்டுற அந்த சீட்டு உனக்கு. இல்லேன்னா இறங்கிரு. ரெண்டாவது வந்தேன், மயிரிழையில வந்தேன்னு எம்முன்னாடி வந்து நிக்காதே. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

வீட்டுக்கு வந்தவன் மேல்சட்டையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தான். நாற்பத்திரண்டு வயது. படிப்பு கிடையாது, வேறு தொழில் கிடையாது. கூலிங்கிளாஸைக் கழற்றி வைத்துவிட்டால் அவன் முகம் பேருந்துக்குக் காத்திருக்கிற யாரோ ஒரு ஆளின் முகம்.

"அந்த சீட்டும் போச்சுன்னா நான் யாரு தொகிகோ?" என்றான். குரல் உடைந்துவிட்டது.

எத்தனை இளக்காரமாக இருந்தாலும் புருஷன் அழுதால் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஜெயிச்சிரு" என்றாள். "ஒரே ஒரு தடவை. அந்தாளுக்காக இல்ல, சீட்டுக்காகவும் இல்ல. எனக்காக. முன்னாடி யாருமே இல்லாம நீ அந்தக் கோட்டைத் தாண்டறதை நான் பாக்கணும். அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா நீ முள்ளங்கிக்கிட்ட நின்னாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த மனுஷனை மதிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று அவள் மனசார ஏங்கினாள். ஒன்று போதும். மீதியை அவளே இட்டுக்கட்டிக்கொள்வாள்.

பந்தயத்தன்று அவள் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அணியின் கொட்டகையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நின்றாள். தகுதிச் சுற்றில் உட்சுமிக்கு இரண்டாமிடம். அதுகூட, முதலிடத்துக்காரன் குசகாபே கிளம்புகிற வரைக்கும் காத்திருந்து அவன் பின்னாலேயே ஓட்டி வாங்கிய இடம். குசகாபே மரியாதை தெரிந்த இளைஞன், பெரியவர்களைக் கண்டால் குனிந்து வணங்குகிறவன். அவனுக்கும் உட்சுமி தன் பம்பரில் ஒட்டியிருப்பது பழகிப்போயிருந்தது. கண்ணாடியில் அந்த வண்டி தெரியவில்லை என்றால்தான் அவனுக்குக் கவலை.

கொடி விழுந்ததிலிருந்து எல்லாம் வழக்கப்படியே நடந்தது. குசகாபே முன்னால், உட்சுமி அவன் முதுகில். மூன்றாவது ஆள் ரொம்பத் தூரத்தில். ததெனுமா மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தார்.

"உள்பக்கம் திறந்து கிடக்கு! நுழை!"

"சமயம் வரட்டும் மொதலாளி."

"எப்ப வரும்? உன் கருமாதிக்கா?"

தொகிகோ மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. கையை மட்டும் பிசைந்துகொண்டு நின்றாள். சுற்றுகள் தீர்ந்துகொண்டே வந்தன.

கடைசிச் சுற்றில் அவனுடைய சமயம் வந்தது. வந்தது என்றால் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தது. குசகாபேயின் இடது முன்டயர் பிய்ந்து, ரப்பர்த் துண்டுகள் பறந்து வந்து உட்சுமியின் கண்ணாடியில் அடித்தன. முன்னால் இருப்பது மேட்டிலிருந்து இறங்குகிற வலது வளைவு, அதற்கு வெளியே தவறி வருகிற வண்டியை நிறுத்த ஜல்லி கொட்டிய குழி. அந்த டயரை வைத்துக்கொண்டு அதில் எவனாலும் திரும்ப முடியாது.

"அவன் டயர் போச்சு!" ததெனுமாவின் குரல் சந்தோஷத்தில் கீச்சிட்டது. "அவன் திரும்ப மாட்டான், நேரா ஜல்லிக்குள்ள போவான்! நீ திரும்பு, அது போதும்! பாட்டி மாதிரி மெதுவாத் திரும்பு! ஜெயிச்சிட்டோம்டா!"

மெக்கானிக்குகள் குதித்தார்கள். தொகிகோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. 'திரும்பு, திரும்பு' என்று அவள் உதடு முணுமுணுத்தது. அவள் கால் தன்னையறியாமல் சிமென்ட் தரையில் பிரேக்கை மிதித்தது.

குசகாபே பிரேக் அடித்தான், ஸ்டியரிங்கை ஒடித்தான், வண்டி கேட்கவில்லை. நேராக ஜல்லிக்குழிக்குள் போனது.

உட்சுமியும் போனான்.

சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போனான். ஒரு முழம் இடைவெளி விட்டு, குசகாபே பிரேக் அடித்தபோது பிரேக் அடித்து, அவன் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபோது தானும் சாய்த்து, பழைய டிரிஃப்ட் நடுவர்கள் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். புழுதி மூட்டமாக எழுந்தது. அடங்கியதும் பார்த்தால் இரண்டு வண்டிகளும் கதவோடு கதவாக, மூக்கோடு மூக்கு வரிசையாக, காட்சிக்கு வைத்தது போல ஜல்லியில் புதைந்து நின்றன. தூரத்தில் வந்துகொண்டிருந்த மூன்றாவது ஆள், நடந்ததை நம்ப முடியாமல் வேகத்தைக் குறைத்து, வேடிக்கை பார்த்துவிட்டு, நிதானமாக வளைவில் திரும்பிப் போய் ஜெயித்தான்.

மண்மேட்டில் எங்கேயோ ஒரு கிழவர் ஹோவென்று சிரித்தார். அடுத்த கணம் மேடு முழுக்கச் சிரித்தது. சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தொகிகோ காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

இரண்டு பேரையும் மீட்பு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். குசகாபே ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக உட்சுமியிடம் வந்து இடுப்பு வளைய வணங்கினான்.

"அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. எனக்கு டயர் வெடிச்சிருச்சு." நிமிர்ந்தான். அவன் முகத்தில் கேலி துளியும் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. "உங்களுக்கு என்னண்ணே ஆச்சு?"

உட்சுமி முகத்தில் ஈயாடவில்லை.

"பிரேக்கு" என்றான். "எனக்கு பிரேக்கு போயிருச்சு."

அடக்கண்றாவியே, பொய்யாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டாமா? மெக்கானிக் போய் மிதித்துப் பார்த்தான், பிரேக் கல்லு மாதிரி இருந்தது. ததெனுமா வண்டிக்குள் இருந்த கேமராவை எடுத்து அதில் பதிந்த படத்தை எல்லோருக்கும் முன்னால் ஓடவிட்டார். படத்தில் உட்சுமியின் கை தெளிவாகத் தெரிந்தது. குசகாபே திரும்ப முயன்ற இடத்தில் ஸ்டியரிங் வலது பக்கம் ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

"வளைவு உன் கண்ணுல படலையா?" என்று கேட்டாள் தொகிகோ. அத்தனை பேர் முன்னால் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அவன் திரும்புவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான். "அவன் திரும்பல."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று தொகிகோவுக்குத் தோன்றியது. அதைக் கேட்டுச் சிரிப்பதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியாமல் கொட்டகைக்குப் பின்னால் போய், டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

அந்தப் படம் ஊரெல்லாம் பரவியது. ஊர் என்ன, நாடெல்லாம். ரயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைப்பேசியில் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். தொகிகோவிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், அவள் யார் என்று தெரியாமல், "மேடம், இதப் பாருங்களேன், இந்த லூசு" என்று அவளிடமே காட்டினாள். தொகிகோ பார்த்தாள். "கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு வண்டிய எடும்மா" என்றாள். உட்சுமி மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மேல்சட்டை ஆணியில் தொங்கியது. அவன் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒருவகையில் தொகிகோவுக்கு அது நல்லதாகப் பட்டது. அவமானம் என்று ஒன்று அந்த உடம்பில் இருக்கிறது, இத்தனை நாளாகத் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் மாண்டரின் ஆரஞ்சுகளை உரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பனி விழ ஆரம்பித்த பிறகு ததெனுமா கூப்பிட்டனுப்பினார். பந்தய உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று தொகிகோவும் கூடப் போனாள். அலுவலகத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த சீட்டுக்கு ஏற்கெனவே ஆள் பிடித்தாயிற்று. யார் தெரியுமா? குசகாபே. அவனும் அங்கே ஓரத்தில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உட்சுமியைப் பார்த்ததும் எழுந்து வணங்கினான்.

"சீட்டு போச்சு, அது உனக்கே தெரியும்" என்றார் ததெனுமா. "ஆனா உன்னைய விட எனக்கு மனசு வரல. ஏன்னா ஜனங்க உன்னையத்தான் கேக்குறாங்க. அந்த ஜல்லி ஆளு எப்ப வருவாருன்னு போன் மேல போன். அடுத்த வருஷம் ஒவ்வொரு பந்தயத்திலயும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு காட்சி வைக்கிறேன். அதே வளைவு மாதிரி, அதே ஜல்லி. ஒருத்தன் முன்னாடி போயி விழுவான், நீ பின்னாடியே போயி விழணும். ரெண்டு வண்டியும் அன்னிக்கு மாதிரியே ஜோடியா நிக்கணும். குழந்தைங்க சிரிச்சுச் சிரிச்சு உருளும். உன்ன மாதிரி ஜல்லி பொம்மைகூடப் பண்ணி விக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்ற?"

குசகாபே தலையைக் குனிந்துகொண்டான். கணக்கெழுதுகிற பெண் தட்டச்சை நிறுத்திவிட்டாள். தொகிகோவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. மேசையில் இருந்த தேநீரை அந்த ஆளின் மூஞ்சியில் ஊற்றியிருப்பாள். ஆனால் இது அவள் ஊற்ற வேண்டிய தேநீர் அல்ல. கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்சுமியைப் பார்த்தாள்.

அவன் முகம் காதுவரைக்கும் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மெதுவாக எழுந்து நின்றான். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, அவனாகவே எழுந்து நின்றான். 'சொல்லு' என்று தொகிகோ மனசுக்குள் கத்தினாள். 'போடா நீயும் உன் பொம்மையும்னு சொல்லு. சொல்லிட்டு வா, நான் வாழ்நாள் பூரா சோறு போடறேன்.' அவள் கைப்பையைக்கூட எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

உட்சுமி தொண்டையைச் செருமினான். குசகாபேயை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் ததெனுமாவின் பக்கம் திரும்பினான்.

"முன்னாடி யாரு மொதலாளி போவா?" என்று கேட்டான்.